தக்கோலத்தில் நின்ற படைகள்: திரைப்போரும் பெண்ணையாற்றுக் கற்களும்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வெளிவந்தது. படம் ஒரு பெரும்போரில் முடிகிறது. எதிரே ராஷ்டிரகூடர் என்பது தெரிகிறது. ஆதித்த கரிகாலனின் உயிர்த்தோழனாக முதல் பாகத்தில் கண்ட பார்த்திபேந்திரனும் இப்போது அந்தப் பக்கம் நிற்கிறான். அவன் ஏன் அங்கே போனான், அவனோடு போனவர்கள் எந்த ஊர்க்காரர்கள், சோழர் அணியில் நிற்கும் சிற்றரசர்கள் எவரெவர் என்பதைப் புழுதியும் வாளோசையும் அடங்குவதற்குள் பிரித்துப் பார்ப்பது கடினம். கல்கியின் நாவலைத் திரும்பப் புரட்டினாலும் பயனில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவலின் முடிவில் இப்படியொரு போரே கிடையாது.

யார் எந்தப் பக்கம் என்ற குழப்பம் உலகெங்கும் உள்ள ரசிகர்களுக்கு உண்டு. டோல்கியன் 1937இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ நாவலின் உச்சப்போருக்கு ஐந்து படைகளின் போர் என்றே பெயர். கோப்ளின்களும் ஓநாய்களும் ஒரு பக்கம், எல்ஃபுகளும் மனிதர்களும் குள்ளர்களும் மறுபக்கம் என்று நாவல் ஐந்தையும் எண்ணிச் சொல்லிவிடுகிறது. பீட்டர் ஜாக்சனின் 2014ஆம் ஆண்டுப் படத்திலோ ஓநாய்கள் தனிப் படையாகத் தெரிவதில்லை, கழுகுகள் வேறு வந்து இறங்குகின்றன. ஐந்து எது எது என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு கூட்டமும் எந்தக் கடனுக்காக, எந்தப் பகைக்காகக் களத்துக்கு வந்தது என்று தெரியாவிட்டால் போர் வெறும் கூட்ட நெரிசலாகிவிடும்.

தமிழ் மரபு இதை வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தது. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் எழுவரை வென்றான். சேரன், சோழன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என்று அந்த எழுவரையும் அகநானூற்றில் நக்கீரர் பெயர் சொல்லி நிறுத்துகிறார். பாரதப் போரில் இரு படைக்கும் சோறிட்டதாகப் போற்றப்படும் சேரன் உதியஞ்சேரலையும் புறநானூறு மறக்கவில்லை. சண்டையில் சேராமல் நின்றவனுக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது.

பண்ருட்டி வட்டாரத்துக்கு இந்தக் கேள்வியில் தனி உரிமை உண்டு. ஊரை ஒட்டிக் கெடிலக்கரையில் இருக்கும் திருவதிகைதான் சிவன் முப்புரம் எரித்த தலம் என்பது மரபு. அந்தப் புராணப்போரில் அணிவகுப்பு முழுக்கக் கணக்கில் உள்ளது. பூமி தேர், சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், பிரமன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு, அம்பின் நுனியில் அக்கினி. எதிரே தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி ஆகிய மூவரின் மூன்று கோட்டைகள். கடைசியில் அம்பு தேவைப்படவில்லை, சிரிப்பே போதுமாக இருந்தது என்பது கதை. தோற்ற அசுரர்கள் அழிக்கப்படாமல் சிவனின் வாயில்காவலராகவும் முழவு வாசிப்பவராகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள் என்று கதை மேலும் போகிறது. தோற்றவர் பிறகு எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார் என்பதையும் சொன்னால்தான் போரின் கணக்கு முடியும் என்பதை எங்கள் ஊர்ப் புராணமே காட்டிக் கொடுக்கிறது. இந்த முப்புராந்தகரைத்தான் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்நிலை மாடங்களில் திரும்பத் திரும்பச் செதுக்கச் செய்தான்.

சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் நடந்த உண்மையான உச்சப்போருக்கு வருவோம். அது அரக்கோணம் பக்கத்திலுள்ள தக்கோலத்தில் 949இல் நடந்தது. கல்கியின் கதை தொடங்குவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முந்தியது. பராந்தக சோழனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். அதனால்தான் பிற்காலக் கல்வெட்டுகளில் அவனுக்கு ஆனைமேல் துஞ்சின தேவர் என்ற பெயர். களம் வடக்கே தொலைவில் இருந்தாலும் போருக்கு முந்திய ஏற்பாடு பெரும்பாலும் நடந்தது இங்கே, திருமுனைப்பாடி நாட்டில்தான். இந்தப் போரில் யார் யார் நின்றார்கள் என்று கண்டுபிடிக்க நமக்கு இருப்பவை சில செப்பேடுகள், சில கோயில் சுவர்கள், நாய்க்காக நட்ட ஒரு நடுகல். இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முரண்படும் இடத்தில்தான் சேதி அதிகம்.

முதலில் சோழர் பக்கம். ராஜாதித்தன் திருமுனைப்பாடியில் ஆண்டுக்கணக்கில் படையோடு தங்கியிருந்தான். சுந்தரர் பிறந்த திருநாவலூருக்கு அவன் பெயரால் ராஜாதித்தபுரம் என்ற பெயரும் வழங்கியது. அவ்வூர்த் திருத்தொண்டீச்சரக் கோயிலின் கல்வெட்டுகளில் அவனுடைய பரிவாரத்தினர் விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகள் பதிவாகியுள்ளன. கொடுத்தவர்களில் மலைநாட்டுச் சேவகர்கள், அதாவது இன்றைய கேரளப் பகுதியிலிருந்து வந்த வீரர்கள், கவனிக்கத்தக்க அளவில் இருக்கிறார்கள். கோயில் விளக்குக்குக் கொடை எழுதிவைக்கும் வீரன் வழிப்போக்கனாக வந்து போனவனாக இருக்க முடியாது. அவன் இங்கேயே குடியிருந்தவன், ஊர்க்காரர்களை நம்பித் தன் ஆட்டையோ பொன்னையோ ஒப்படைத்தவன்.

அதைவிடத் தெளிவான சாட்சி பெண்ணையாற்றங்கரையில் திருவெண்ணெய்நல்லூருக்கு அருகில் உள்ளது. கிராமம் என்பதே அந்த ஊரின் பெயர், பழைய பெயர் மௌலிகிராமம். தேவாரத்தில் திருமுண்டீச்சரம் என்று வரும் தலம். அங்குள்ள ஆற்றுத்தளியைக் கல்லால் கட்டியவன் ராஜாதித்தனின் படைத்தலைவன் வெள்ளன் குமரன், மலைநாட்டுப் புத்தூரைச் சேர்ந்தவன். பராந்தகனின் 36ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய அந்தக் கல்வெட்டு கலியுக ஆண்டைச் சொல்வதோடு நிற்கவில்லை. கலி பிறந்து எத்தனையாவது நாள் என்று 14 லட்சத்து 77 ஆயிரத்தைத் தாண்டும் ஒரு நாள் எண்ணையும் தருகிறது. கணக்கிட்டால் அது 943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வருகிறது. தமிழகக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை மன்னனின் ஆட்சியாண்டை மட்டுமே சொல்லிப் போகும். இப்படி நாளெண்ணோடு கிடைப்பது அரிது. பராந்தகன் எந்த ஆண்டு அரியணை ஏறினான் என்று ஆய்வாளர்கள் துணிந்து 907ஐச் சொல்வதற்கு இந்தக் கல் ஒரு முக்கியத் தூண். அந்தக் கோயில் எழுந்தபோது தக்கோலப் போருக்கு இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன.

மலைநாட்டவர் இத்தனை பேர் சோழப் படையில் எப்படி வந்தார்கள்? பராந்தகன் சேர அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்டிருந்தான். உறவின் வழியே வீரர்கள் வந்தார்கள். ஆக, தக்கோலத்தில் சோழர் அணி என்று நாம் ஒரே கொடியின் கீழ் கற்பனை செய்வதில் கணிசமான பங்கு சேரநாட்டு வாள். நடுநாட்டு மலையமான்களும் முனையரையர்களும் இந்த மண்ணின் தலைவர்கள். அவர்கள் நிலத்தில்தான் இளவரசன் பாசறை கொண்டிருந்தான் என்பதால் அவர்களும் உடன் சென்றிருப்பார்கள் என்று கருத இடமிருக்கிறது. ஆனால் அவர்களைக் களத்தில் பெயர்சொல்லி நிறுத்தும் கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. கல் தரும் சான்றையும் இந்த ஊகத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

வீராணம் ஏரியை ராஜாதித்தனின் வீரர்கள் வெட்டினார்கள் என்ற கதையும் இங்கே வரும். காட்டுமன்னார்கோயில் பக்கத்து அந்த ஏரிக்குப் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயர் அமைந்ததில் ஐயமில்லை. படையெடுப்பை எதிர்பார்த்துக் காத்திருந்த வீரர்களின் கை சும்மா இருக்க வேண்டாம் என்று வெட்டச் செய்தான் என்பது செவிவழி மரபு. கல்கி அதை அழகாகப் பயன்படுத்திக்கொண்டார். மரபாக அதை ஏற்கலாம், படைக்கணக்குக்கு அது உதவாது.

சோழர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு படை தக்கோலத்தில் இல்லை. இந்தப் போரைப் புரிந்துகொள்ள அந்த இல்லாமை மிக முக்கியம் என்பது என் கருத்து. கங்கர் குலத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த இரண்டாம் பிருதிவீபதி பராந்தகனின் வலது கை. பாணர்களைச் சோழர் விரட்டியபோது அவர்களுடைய நாட்டையும் பாணாதிராசன் என்ற பட்டத்தையும் பராந்தகன் இவனுக்குத்தான் கொடுத்தான். உதயேந்திரம் செப்பேடு இதைச் சொல்கிறது. அதற்கும் முன்பு, சுமார் 880இல் திருப்புறம்பியத்தில் பாண்டியன் வரகுணனுக்கு எதிராகப் பல்லவன் அபராசிதன் பக்கம் நின்று உயிர்விட்டவன் இவனுடைய பாட்டன் முதலாம் பிருதிவீபதி. வடமேற்கு எல்லையில் சோழருக்கு அரணாக இருந்த இந்தக் கிளை, இரண்டாம் பிருதிவீபதி தக்கோலத்துக்கு முன்பே மறைந்ததோடு செல்வாக்கிழந்தது. கங்கர் என்றாலே இனி எதிரணிதான் என்ற நிலை உருவானது.

எதிரணியில் முதலில் மூன்றாம் கிருஷ்ணன், தமிழ்க் கல்வெட்டுகளின் கன்னரதேவன். அவனுடைய பகை வெறும் மண்ணாசையில் பிறக்கவில்லை. பராந்தகனின் தந்தை முதலாம் ஆதித்தன் ராஷ்டிரகூட இளவரசி ஒருத்தியை மணந்திருந்தான். அவளுக்குப் பிறந்த மகனுக்குப் பாட்டன் பெயரான கன்னரன் என்றே பெயர். அரியணை அவனுக்குப் போகாமல் பராந்தகனுக்குப் போனது. பேரனுக்காக இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்து வல்லாளப் போரில் தோற்றுத் திரும்பினான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். தக்கோலம் அந்த வழக்கின் அடுத்த சுற்று. வாரிசுச் சண்டை என்றால் மதுராந்தகனும் அருள்மொழியும் மட்டும் நினைவுக்கு வரும் நமக்கு, அதற்கு இரண்டு தலைமுறை முந்திய இந்த வாரிசுச் சண்டை தெரியவே தெரியாது.

அடுத்து மேலைக் கங்கன் இரண்டாம் பூதுகன். இவன் கிருஷ்ணனின் சகோதரியின் கணவன். தன் குலத்து ராசமல்லனை அகற்றிவிட்டு இவன் அரசாள்வதற்குத் துணை நின்றவன் கிருஷ்ணன். 940ஆம் ஆண்டுத் தேவளி செப்பேடு இந்தச் செய்தியைப் பெருமையாகச் சொல்கிறது. மணவுறவு ஒரு கடன், அரியணை இன்னொரு கடன். இரண்டையும் பூதுகன் தக்கோலத்தில் தீர்த்தான்.

எப்படித் தீர்த்தான் என்பதைச் சொல்லும் கல் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது, இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது. கல்லின் மேல்பகுதியில் ஒரு வேட்டைநாயும் காட்டுப்பன்றியும் கட்டிப்புரண்டு சண்டையிடும் சிற்பம். சகம் 872இல், அதாவது 949–50இல், சோழனை வென்ற களத்தில் பூதுகனின் வீரன் மணலேரன் காட்டிய தீரத்துக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்கிறான். காளி என்ற நாயைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான் மணலேரன். அந்த நாய் ஒரு பெரும்பன்றியோடு மோத, இரண்டும் மடிகின்றன. நாய்க்காக நட்ட கல்லில் போர்ச்செய்தியும் சேர்ந்துகொள்கிறது: யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி ராஜாதித்தனைக் குத்திக் கொன்றவன் பூதுகன், அதற்குக் கிருஷ்ணன் கொடுத்தது வனவாசி 12,000, பெள்வொலை 300, புரிகெரை 300, கிசுகாடு 70, பாகெநாடு 70. முதலில் இந்தக் கல்லைப் படித்தவர்கள் பூதுகன் வஞ்சகமாகக் கொன்றான் என்று பொருள் கொண்டார்கள். பின்னர் வாசிப்பு திருத்தப்பட்டது. பழைய வாசிப்பை நம்பி எழுதிய நூல்கள் இன்றும் கையில் புழங்குகின்றன. பூதுகனைத் துரோகி என்று சொல்லும் பேச்சு அவற்றிலிருந்து வந்ததே.

சோழர் செப்பேடான பெரிய லெய்டன் பட்டயம் வேறு விதமாகச் சொல்கிறது. அசைக்க முடியாத கிருஷ்ணராசனையே ராஜாதித்தன் தன் அம்புகளால் அசைத்தான், யானைமேல் இருக்கையில் மார்பில் அம்பு தைத்து வீரர் உலகம் சென்றான் என்பது அதன் சாரம். பூதுகன் பெயரே இல்லை. நெருங்கிக் குத்தியதா, தொலைவிலிருந்து எய்ததா? நான் ஆதகூர்க் கல்லின் பக்கம் சாய்கிறேன். அது போர் முடிந்த கையோடு எழுதியது, கொடுத்த நாடுகளை எண்ணிக்கையோடு சொல்கிறது. ஒரு பேரரசன் அத்தனை பெரிய நிலத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. லெய்டன் பட்டயமோ இரண்டு தலைமுறை கழித்துச் சோழர் அவையில் எழுதியது. தங்கள் இளவரசன் ஒரு பேரரசனின் கையால் மடிந்தான் என்பதற்கும் அவனுடைய துணைவன் ஒருவன் கையால் மடிந்தான் என்பதற்கும் அந்த அவையில் வேறுபாடு இருந்திருக்கும்.

மீதமுள்ளவர்கள் பாணரும் வைதும்பரும். இரு குலத்தையும் பராந்தகன் நாடிழக்கச் செய்தான். இருவரும் கிருஷ்ணனிடம் அடைக்கலம் தேடினார்கள். பாணன் மூன்றாம் விக்கிரமாதித்தன் கிருஷ்ணராசனின் அன்பு நண்பன் என்று இன்னொரு உதயேந்திரம் செப்பேடு குறிக்கிறது. தக்கோலத்தில் இவர்கள் வாள் வீசியதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆனால் போருக்குப் பின் யார் கையில் எந்த நாடு வந்தது என்று பாருங்கள். திருக்கோயிலூர் பக்கத்துக் கீழூர்க் கல்வெட்டுகளில் வைதும்ப மகாராசர்கள் கன்னரதேவனின் கீழ் இந்த நடுநாட்டையே ஆள்கிறார்கள். ராஜாதித்தன் பாசறையிட்டிருந்த அதே மண். நாடிழந்தவனுக்கு வென்ற பின் அரசு கிடைத்திருக்கிறது என்றால், வெல்வதற்கு முன் அவன் எங்கே நின்றான் என்பதை ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர்க் கோயிலிலும் கன்னரதேவன் கல்வெட்டுகள் உண்டு. கச்சியும் தஞ்சையும் கொண்ட என்று அவன் போட்டுக்கொண்ட பட்டத்தில் தஞ்சையைப் பற்றி விவாதம் இருக்கலாம். பெண்ணையாறு அவன் கையில் இருந்ததில் விவாதம் இல்லை.

பாண்டியரையும் சிங்களரையும் சிலர் இந்த அணியில் சேர்த்துவிடுகிறார்கள். 959இல் மேல்பாடியில் பாசறை கொண்டிருந்த கிருஷ்ணன் வெளியிட்ட கர்ஹாட் செப்பேடும், அதே ஆண்டில் சோமதேவர் முடித்த யசஸ்திலகமும் அவன் பாண்டியரையும் சேரரையும் சிங்களரையும் அடக்கியதாகப் புகழ்கின்றன. புகழுரையின்படி பார்த்தாலும் அவர்கள் அடக்கப்பட்டவர்கள், கூட்டாளிகள் அல்லர். தக்கோலக் களத்தில் அவர்களுக்கு இடம் கொடுக்க நான் தயாரில்லை.

திரைப்படத்தின் பார்த்திபேந்திரனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொண்டைமண்டலக் கல்வெட்டுகளில் வீரபாண்டியன் தலைகொண்ட பார்த்திவேந்திரவர்மன் என்று ஒருவன் வருகிறான். அதே வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன் என்று ஆதித்த கரிகாலனும் பட்டம் தரித்தவன். அதனால் இருவரும் ஒருவரே என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு, இல்லை, அவன் தனியொரு தலைவன் என்பவர்களும் உண்டு. முதல் கூற்று சரியென்றால், படத்தில் தோழனாக இருந்து எதிரியாக மாறும் மனிதன் வரலாற்றில் ஆதித்த கரிகாலனே. கல்கி அவனைப் பல்லவனாக்கித் தனி உருவம் கொடுத்தது நாவலாசிரியரின் உரிமை. படம் அவனை ராஷ்டிரகூடர் பக்கம் நிறுத்தியதும் இயக்குநரின் உரிமையே. ஆனால் அந்த இடத்துக்கு வரலாறு ஏற்கெனவே ஒரு பூதுகனையும், நாடிழந்து வந்த வைதும்பனையும், அவரவர் காரணங்களோடு தயாராக வைத்திருந்தது. அவர்களில் ஒருவன் திரையில் நின்றிருந்தால் எதிரணிக்கும் ஒரு முகம் கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு இருக்கிறது.

போர் முடிந்த பின் ஒருவனுடைய கதை நீள்கிறது. திருவொற்றியூர்க் கோயிலில் கன்னரதேவனின் 20ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவரைப் பற்றிப் பேசுகிறது. கேரளத்தில் பிறந்து, கலைகள் கற்று, சோழநாடு வந்து ராஜாதித்தனுக்கு நெருங்கிய நண்பனானவர். தலைவன் களத்தில் மடிந்த வேளையில் தான் உடன் இருந்து சாகவில்லையே என்று நொந்து, கங்கையில் நீராடி, துறவு பூண்டு, நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, ஒற்றியூர் மடத்தை ஏற்றார். கிராமத்துக் கோயிலைக் கட்டிய வெள்ளன் குமரனே இவர் என்று வே. ராகவன் போன்ற அறிஞர்கள் கருதினார்கள். பெயர் நேரடியாகப் பொருந்தாததால் இதை ஊகம் என்றே வைக்க வேண்டும், ஆனால் வலுவான ஊகம். அவர் கொடையைப் பதிவு செய்யும் கல் எதிரி மன்னனின் ஆட்சியாண்டைச் சுமந்து நிற்பதைக் கவனியுங்கள். சோழர் பக்கம் நின்ற ஒரு வீரர் வென்றவனின் ஆட்சியில் துறவியாக வாழ்ந்து, தோற்ற தலைவனின் பெயரை அந்த ஆட்சியின் கல்லிலேயே பொறிக்கச் செய்திருக்கிறார்.

கிருஷ்ணன் பாசறையிட்ட மேல்பாடியில் பின்னாளில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தான். அரிஞ்சயன் ராஜாதித்தனின் தம்பி. கைவிட்டுப் போன நாடு மீண்டும் யாருடையது என்று அந்தக் கோயில் ஊருக்குச் சொல்லியது.

இத்தனையையும் நமக்குச் சொல்பவை கோயிலின் அடித்தளக் குமுதமும் பட்டியும் சுவரும் ஏந்தி நிற்கும் எழுத்துகள். திருப்பணி என்றால் மணல் பீய்ச்சிச் சுவரைச் சுரண்டுவது, வண்ணம் பூசுவது, தரையை உயர்த்தி அடிவரிகளைப் புதைப்பது என்ற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் முழுக்க ஒழியவில்லை. திருநாவலூரிலும் கிராமத்திலும் கீழூரிலும் குடமுழுக்குக்கு நாள் குறிக்கும் பெரியவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: வேலை தொடங்குவதற்கு முன் கல்வெட்டுத் துறையினரை அழைத்து ஒவ்வொரு எழுத்தையும் படியெடுக்கச் செய்யுங்கள், எழுத்துள்ள கல்லில் மணலும் வண்ணமும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.